அல் ஐனில் வீடு எடுக்கும் முன்

(அல் ஐன் நகரில் இருபத்து மூன்று ஆண்டுகள் பணிபுரிந்து ஊர் திரும்பிய சகோதரர் ஒருவர், நம் அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை. ஒலிப்பதிவிலிருந்து எழுதப்பட்டது.)



எனக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. அல் ஐன் சனாயியாவில் வண்டி உதிரிபாகக் கடையில் கணக்கு எழுதியவன் நான். அதனால் இதையும் ஒரு கணக்காகத்தான் சொல்லத் தெரியும்.

இன்று நான் பேச வந்ததற்கு ஒரு விண்ணப்பம்தான் காரணம். போன மாதம் நம் வட்டியில்லாக் கடன் குழுவுக்கு ஒரு சகோதரியிடமிருந்து மனு வந்தது. மாப்பிள்ளை அல் ஐனில் வேலை பார்க்கிறார். கல்யாணமாகி நான்கு வருடத்தில் இரண்டு லீவுதான் வந்திருக்கிறார். பிள்ளைக்கு மூன்று வயது. போனில் முகத்தைக் காட்டினால் "வாப்பா" என்கிறது. நேரில் வந்தால் உம்மாவின் பின்னால் ஒளிந்துகொள்கிறது. இப்போது சம்பளம் கொஞ்சம் கூடியிருக்கிறது, குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம் என்கிறார். வீடும் பார்த்துவிட்டார். ஒரு வில்லாவில் ஓர் அறை, சின்ன சமையல்கட்டு, தனி பாத்ரூம். மாதம் 1,500 திர்ஹம், கரண்ட் தண்ணீர் எல்லாம் சேர்த்து. மூன்று மாத வாடகை முன்பணமாகக் கையில் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் கடன் கேட்டிருந்தார்கள்.

குழுவில் இருந்தவர்களுக்கு மனம் இளகிவிட்டது. எனக்கும்தான். ஆனால் நான் ஒரு கேள்வி கேட்டேன்: "ஒப்பந்தம் யார் பெயரில்?" அந்தப் பிள்ளை போன் போட்டுக் கேட்டுவிட்டுச் சொன்னது, "ஒப்பந்தம் எல்லாம் இல்லையாம் மாமா, தெரிஞ்ச ஆள்தானாம்." அதே சொல்லை 2008இல் நானும் என் மாமனாரிடம் சொன்னேன். தெரிஞ்ச ஆள்தான் மாமா என்று.

அல் ஐனைப் பார்க்காதவர்களுக்காக ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். துபாய் என்றால் எல்லோருக்கும் ஒரு படம் மனதில் வரும். அல் ஐன் அப்படி இருக்காது. அபுதாபி எமிரேட்டைச் சேர்ந்த உள்நாட்டு நகரம். கடல் கிடையாது. அபுதாபியிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர், துபாயிலிருந்து சுமார் 130. சுற்றிலும் மணல், தெற்கே ஜெபல் ஹஃபீத் மலை, நடுவில் பேரீச்சந்தோப்புகள். ஃபலஜ் என்று பழைய கால்வாய் வைத்து அந்தத் தோப்புகளுக்குத் தண்ணீர் பாய்ச்சியிருக்கிறார்கள். அல் ஐன் என்ற பெயரே ஊற்று என்றுதான் பொருள்படும். கட்டடங்கள் உயரமாக இருக்காது. வானத்தை முழுசாகப் பார்க்கலாம். குழந்தைகளை வளர்க்க அமைதியான ஊர். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வாடகைச் சிக்கல் தொடங்குவதும் அங்கேதான். உயரமான கட்டடங்கள் குறைவு என்றால் சின்னச் சின்ன பிளாட்டுகளும் குறைவு. டவுன் பக்கம், முத்தரத், ஜிமி, கபீஸி என்று சில இடங்களில் அடுக்கு வீடுகள் உண்டு. மற்றபடி ஊர் முழுக்க மதில் சுவர் வைத்த வில்லாக்களும், அரசாங்கம் குடிமக்களுக்குக் கட்டிக்கொடுத்த பழைய ஷாபியா வீடுகளும்தான். ஐயாயிரம் ஆறாயிரம் சம்பளக்காரர் முழு வில்லா எடுக்க முடியாது. அதனால் ஒருவர் முழு வில்லாவை எடுப்பார். ஜிப்சம் பலகையால் தடுப்பார். ஆறு ஏழு குடும்பத்துக்கு அறை அறையாக விடுவார். மஜ்லிஸ் ஒரு குடும்பத்துக்கு, மாடிப்படிக்குக் கீழே இன்னொருவருக்கு. நான் குடியிருந்த வில்லாவில் டிரைவர் அறையில்கூட ஒரு கணவன் மனைவி இருந்தார்கள். வாடகை பிளாட்டில் பாதிதான். ஆள் நம்ம ஆளாகவே இருப்பார், தமிழோ மலையாளமோ பேசுவார், ரமலானில் நோன்புக் கஞ்சிகூடக் கொடுத்து அனுப்புவார். அதுவும் உண்மைதான், குறை சொல்ல மாட்டேன்.

நான் எடுத்ததும் அப்படி ஒரு வீடுதான். 2008இல் மனைவியை அழைத்தேன். மாதா மாதம் கையில் பணம், ரசீது கிடையாது. இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை. மகள் அங்கேதான் பிறந்தாள்.

2010 ஜூலை மாதம். பலதியாக்காரர்கள் வந்து வில்லாவைப் பார்த்தார்கள். ஒரு குடும்பத்துக்கான வீட்டில் இத்தனை பேர் இருக்கக் கூடாது என்று வாசலில் நோட்டீஸ் ஒட்டினார்கள். எங்களுக்கு விட்டவரிடம் கேட்டோம். "இதெல்லாம் வழக்கமா வர்றதுதான், நான் பேசிக்கிறேன்" என்றார். பேசினாரோ என்னவோ, பத்தாம் நாள் பகல் பதினொரு மணிக்குக் கரண்டை வெட்டிவிட்டார்கள்.

அல் ஐன் ஜூலையில் கரண்ட் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று இங்கே இருந்து நினைத்துப் பார்க்க முடியாது. ஐம்பது டிகிரியைத் தொட்டு நிற்கும் வெயில். ஒரு மணி நேரத்தில் சுவர் அடுப்பாகிவிடும். கடையிலிருந்து நான் ஓடி வருவதற்குள், என் மனைவி எட்டு மாதப் பிள்ளையை ஈரத்துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பக்கத்துப் பள்ளிவாசலின் பெண்கள் பகுதியில் போய் உட்கார்ந்துவிட்டாள். மற்ற வீட்டுப் பெண்களும் அங்கேதான். அன்று இரவு ஒரு நண்பர் வீட்டு ஹாலில் படுத்தோம். பதினேழு நாள் அந்த ஹாலில்தான் இருந்தோம். வில்லாவை விட்டவர் போனை அணைத்துவிட்டார். நான் கொடுத்திருந்த 3,000 திர்ஹம் டெபாசிட் போயே போனது. எங்கே போய் முறையிடுவது? என்னிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. சட்டத்தின் கண்ணில் நான் அந்த வீட்டில் குடியிருக்கவே இல்லை.

பணம் கொடுக்கல் வாங்கலை எழுதி வையுங்கள் என்று சொல்வதற்காகவே குர்ஆனின் மிக நீளமான ஆயத்து இறங்கியிருக்கிறது என்பது நம் மதரஸா பிள்ளைகளுக்கும் தெரியும். எனக்கும் தெரிந்திருந்தது. ஆனால் வாடகை குறைவு என்றதும் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

இப்போது தவ்ஸீக் என்று ஒரு ஏற்பாடு வந்துவிட்டது. அபுதாபி எமிரேட்டில் உள்ள எந்த வீட்டின் வாடகை ஒப்பந்தத்தையும் அரசில் பதிய வேண்டும். வீட்டுச் சொந்தக்காரர் அல்லது அவருடைய நிர்வாகக் கம்பெனிதான் பதிவார். உங்கள் பெயர், எமிரேட்ஸ் ஐடி எண், வீட்டு எண், தொகை, தேதிகள் எல்லாம் அதில் இருக்கும். கரண்ட் தண்ணீர் இணைப்பை உங்கள் பெயருக்கு மாற்ற அது வேண்டும். குடும்ப விசாவுக்கு அது வேண்டும். வாடகைத் தகராறு குழுவின் முன் போய் நிற்கவும் அதுதான் வேண்டும். தடுத்து விட்ட அறைக்கு அது கிடைக்காது. "விசாவுக்கு வேறு இடத்துப் பேப்பர் வாங்கிக்கொள்ளலாம், குடியிருப்பது இங்கே" என்று சிலர் யோசனை சொல்வார்கள். தயவுசெய்து அந்த வழிக்குப் போகாதீர்கள். மாட்டினால் போவது வாடகை மட்டுமல்ல, விசாவும்தான்.

ஆகவே அல் ஐனில் வீடு தேடும் ஒருவர் "எவ்வளவு வாடகை?" என்று முதலில் கேட்கக் கூடாது. "என் பெயரில் தவ்ஸீக் போட்டுத் தருவீர்களா?" என்றுதான் கேட்க வேண்டும். இல்லை என்றால் ஸலாம் சொல்லிவிட்டு இறங்கிவிட வேண்டியதுதான். வாடகை எவ்வளவு என்றே தெரிந்துகொள்ள வேண்டாம். தெரிந்தால் ஆசை வரும்.

சரி, தவ்ஸீக் உள்ள பிளாட் என்றால் கட்டுப்படியாகுமா? இனிதான் கணக்கு. சகோதரிகளும் குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கை ஆண்கள் தனியாகப் போட்டால் பாதியை மறந்துவிடுவார்கள்.

ஆண்டு வாடகை 36,000 திர்ஹம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 3,000 என்று மனதில் பதிந்துவிடும். ஆனால் அங்கே வாடகை மாதா மாதம் வாங்க மாட்டார்கள். முன்தேதியிட்ட செக்குகளாகக் கேட்பார்கள். ஒரே செக், இரண்டு, நான்கு. சிலர் ஆறு வரை ஒத்துக்கொள்வார்கள். செக் எண்ணிக்கை குறைந்தால் வாடகையைக் கொஞ்சம் குறைப்பார்கள். நான்கு செக் என்றால் முதல் நாளே 9,000 வேண்டும். டெபாசிட் 5 சதவீதம் கேட்டால் 1,800. புரோக்கர் வழியாகப் போனால் கமிஷன் 5 சதவீதம், இன்னொரு 1,800. அந்தக் கமிஷனுக்கு வாட் வரி 90. இதுவே 12,690 ஆகிவிட்டது. கரண்ட் இணைப்புக்கு முன்பணம் தனி. அடுப்பு, பிரிட்ஜ், கட்டில், திரைச்சீலை தனி. காலி பிளாட் என்றால் உண்மையிலேயே காலியாகத்தான் இருக்கும், சில இடங்களில் பல்பைக்கூடக் கழற்றிக்கொண்டு போயிருப்பார்கள்.

அடுத்தது பலருக்குத் தெரியாதது. அபுதாபி எமிரேட்டில் வாடகைக்கு இருக்கும் வெளிநாட்டவர் ஆண்டு வாடகையில் 5 சதவீதம் நகராட்சிக் கட்டணம் கட்ட வேண்டும். கரண்ட் பில்லோடு மாதா மாதம் பிரித்து வரும். 36,000க்கு ஆண்டுக்கு 1,800, மாதம் 150. பில் ஏன் இவ்வளவு என்று கரண்ட் ஆபீஸில் போய்ச் சண்டை போட்ட நம்ம ஆட்களை எனக்குத் தெரியும். ஒருவரோடு நானே துணைக்குப் போனேன், வெட்கமாகத்தான் இருந்தது.

கரண்ட் தண்ணீர் கட்டணம் வெளிநாட்டவருக்குக் கூடுதல். நாளொன்றுக்கு ஓர் அளவைத் தாண்டினால் இன்னும் கூடும். மே முதல் செப்டம்பர் வரை ஏசி இரவு பகலாக ஓடும். அதனால் குளிர்காலத்துப் பில்லைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. "போன ஆகஸ்ட் பில்லைக் காட்டுங்கள்" என்று முன்பு குடியிருந்தவரிடமோ நாத்தூரிடமோ கேட்டு வாங்கிப் பாருங்கள்.

இப்போது சம்பளம் 5,000 என்றால்: வாடகை 3,000, நகராட்சிக்கு 150, கோடையில் கரண்ட் தண்ணீர் 500 என்றே வையுங்கள். மீதி 1,350. அதில் சாப்பாடு, போன், பிள்ளையின் பள்ளிக்கூடம், ஊரில் இருக்கும் உம்மா வாப்பாவுக்கு அனுப்புவது. முடியுமா? முடியாது. குடும்பத்தை அழைக்க 4,000 திர்ஹம் சம்பளம், அல்லது 3,000 சம்பளமும் கம்பெனி கொடுக்கும் வீடும் இருந்தால் போதும் என்பது அமீரகத்தின் விதி. விதி அனுமதிப்பது ஒன்று, சோற்றுப்பானை அனுமதிப்பது இன்னொன்று. வாடகையும் அதோடு ஒட்டியவையும் சேர்ந்து சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு, மிஞ்சினால் பாதி. அதைத் தாண்டினால் அழைக்காதீர்கள் என்பதுதான் என் கருத்து. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் இருக்கலாம். என் மனைவியே என்னோடு இதில் ஒத்துப்போவதில்லை. "மூணுல ஒரு பங்குன்னு கணக்குப் பார்த்திருந்தா நான் அங்க வந்தே இருக்க மாட்டேன்" என்பாள்.

செக்கைப் பற்றி ஒரு வார்த்தை. கணக்கில் பணம் இல்லாமல் செக் திரும்பினால் முன்பெல்லாம் நேரே போலீஸ் கேஸ். 2022 ஜனவரி முதல் அதில் பெரும்பகுதியைத் தளர்த்தியிருக்கிறார்கள். அதைக் கேட்டுவிட்டுச் சிலர் தைரியமாகக் கையெழுத்துப் போடுகிறார்கள். தளர்ந்தது கைது மட்டும்தான். செக் வைத்திருப்பவர் தனியாக வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்கக் காத்திருக்க வேண்டியதில்லை. நேரே நீதிமன்றத்தின் நிறைவேற்றுப் பிரிவுக்குப் போகலாம். பயணத் தடை வரலாம். ஊரில் மய்யித்து விழுந்தாலும் விமானம் ஏற முடியாத நிலை அது. நான்கு செக்கின் தேதிகளையும் வீட்டுக் காலண்டரில் மனைவியும் எழுதி வைத்திருக்க வேண்டும்.

குறைந்த சம்பளக்காரருக்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. கம்பெனியிடம் கேளுங்கள். வாடகையை நீங்களே மொத்தமாகக் கட்டி என் சம்பளத்தில் மாதா மாதம் பிடித்துக்கொள்ளுங்கள் என்று கேட்டால் பல கம்பெனிகள் சம்மதிக்கும். கேட்கத்தான் நமக்குக் கூச்சம். எனக்கு முதலாளி அதைச் செய்துகொடுத்தார், அதுவும் நான் பதினாறு வருடம் வேலை பார்த்த பிறகு. அதுவரை நான் கேட்கவே இல்லை என்பதுதான் விஷயம்.

அது நடந்தது 2014இல். அந்தக் கதையையும் சொல்ல வேண்டும். வில்லாவை விட்டு வந்த பிறகு முத்தரத்தில் பழைய கட்டடம் ஒன்றில் ஒரு பெட்ரூம் பிளாட் எடுத்தோம். 28,000. அப்போது வாடகையை ஆண்டுக்கு 5 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று வரம்பு இருந்தது. 2013 கடைசியில் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். மறு வருடம் புதுப்பிக்கப் போனால் 38,000 கேட்டார்கள். பேச்சுக்கே இடமில்லை, விருப்பமிருந்தால் இரு என்கிறார் நிர்வாகி. அந்த இரவு நானும் மனைவியும், ஊருக்கே போய்விடு என்று பேசி முடித்துவிட்டோம். பெட்டியைக்கூட இறக்கியாயிற்று. 2016 டிசம்பரில் அந்த 5 சதவீத வரம்பைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதனால் இன்று தவ்ஸீக் உள்ளவருக்கு அந்தப் பாதுகாப்பு உண்டு. ஆனால் சட்டம் ஒரு முறை போய் ஒரு முறை வந்ததைப் பார்த்தவன் நான். வாடகையில் கொஞ்சம் இடைவெளி விட்டே கணக்குப் போடுங்கள்.

அன்று எங்களைக் காப்பாற்றியது என் மனைவி. பிள்ளையைப் பள்ளிக்கூட பஸ்ஸுக்குக் கொண்டுபோய் விடும் இடத்தில் நாலைந்து நாட்டுப் பெண்கள் நிற்பார்கள். இவளுக்கு அப்போது அரபியும் உருதும் அரைகுறை. அதை வைத்துக்கொண்டே எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். ஒரு சூடானியப் பெண், தங்கள் தெருவில் ஒரு ஷாபியா வீட்டின் முல்ஹக் காலியாகிறது என்று சொல்லியிருக்கிறார். முல்ஹக் என்றால் பெரிய வீட்டோடு ஒட்டிக் கட்டிய துணை வீடு. தனி வாசல், இரண்டு அறை, சின்ன முற்றம். வீட்டுக்காரர் வயதான எமிராத்தி. என் மனைவி அவர் மனைவியிடம் முதலில் கேட்டது தவ்ஸீக் கிடைக்குமா என்றுதான். தனி எண் போட்டுப் பதிந்து தந்தார்கள். 30,000. கம்பெனி கட்டியது, சம்பளத்தில் பிடித்தது. ஊர் திரும்பும்வரை ஏழு வருடம் அந்த வீட்டில்தான் இருந்தோம், அல்ஹம்துலில்லாஹ்.

ஆகவே வெளியே தொங்கும் "வாடகைக்கு" போர்டை மட்டும் பார்த்துத் தேடாதீர்கள். மஃரிபுக்குப் பிறகு பள்ளிவாசலில் சொல்லி வையுங்கள். கட்டடத்து நாத்தூரிடம் டீ குடித்துக்கொண்டே பேசுங்கள்; எந்த வீடு எப்போது காலியாகும் என்பது ஓனருக்கு முன்னால் அவருக்குத் தெரியும். பள்ளிக்கூடங்கள் மூடும் ஜூன் ஜூலையில் பல குடும்பங்கள் கிளம்பும். அந்த வெயிலில் தேட யாருக்கும் மனம் வராது. தேடுகிறவருக்கு அப்போதுதான் பேரம் படியும்.

வீட்டைப் பார்க்கப் போவது மாலையில் வேண்டாம். மதியம் இரண்டு மூன்று மணிக்குப் போங்கள். மேல் மாடி வீடு வாடகை குறைவாக இருக்கும். மொட்டைமாடிச் சூடு அப்படியே இறங்கும் என்பதால்தான் குறைவு. மேற்குப் பார்த்த பெட்ரூம் சுவரில் கையை வைத்துப் பாருங்கள். ஏசி ஜன்னல் ஏசியா, ஸ்பிளிட்டா, கட்டடத்துக்கே பொதுவானதா, கெட்டுப்போனால் யார் செலவு என்று கேளுங்கள். பழைய ஜன்னல் ஏசி சத்தம் போடும், கரண்டைக் குடிக்கும். குழாயைத் திறந்து பாருங்கள். கோடையில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்கும். அப்போது நாங்கள் பாத்ரூம் ஹீட்டரை அணைத்து வைத்துவிட்டு, அதற்குள் ஆறிய தண்ணீரைத்தான் பிள்ளையைக் குளிப்பாட்ட எடுப்போம். தொட்டிக்கு நிழல் கூரை போட்ட கட்டடம் என்றால் அந்த ஓனர் மற்ற விஷயத்திலும் கவனமாக இருப்பார். இது என் அனுபவம், சட்டம் அல்ல. பள்ளிக்கூட பஸ் அந்தத் தெருவுக்கு வருமா என்பதையும் பாருங்கள். மெட்ரோ இல்லாத ஊர், டவுன் பஸ்ஸும் எல்லாத் தெருவுக்கும் வராது. கார் இல்லாதவருக்கு வாடகையில் மிச்சம் பிடித்தது டாக்ஸியில் போய்விடும்.

சாவி வாங்கும் அன்றே ஒவ்வோர் அறையையும் போனில் படம் எடுத்து வையுங்கள், கறை, ஓட்டை எல்லாம் தெரியும்படி. காலி செய்யும்போது டெபாசிட்டைப் பற்றிப் பேச அது வேண்டியிருக்கும். ஒப்பந்தம் முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே, இருக்கப் போகிறோமா கிளம்பப் போகிறோமா என்பதை எழுத்தில் தெரிவியுங்கள். வேலை போனால் நடுவில் காலி செய்ய என்ன அபராதம் என்ற பிரிவைக் கையெழுத்துக்கு முன் படித்துவிடுங்கள். இரண்டு மாத வாடகை என்று எழுதியிருந்தால் அதையும் உங்கள் கணக்கில் சேருங்கள்.

புரைமிக்குப் போய்விடலாமே என்று வயதான சபுராளிகள் சிலர் சொல்வார்கள். அது அந்தக் காலம். அல் ஐனும் ஓமானின் புரைமியும் ஒரே ஊர் மாதிரி ஒட்டிக் கிடந்தன. 2006 வரை அங்கே குறைந்த வாடகைக்கு இருந்துகொண்டு இங்கே வேலைக்கு வந்தவர்கள் உண்டு. பிறகு எல்லைச் சோதனை வந்துவிட்டது. இப்போது அது வேறு நாடு, வேறு விசா.

இங்கே ஊரில் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. வீடு கிடைத்த பிறகு விசாவுக்குக் கல்யாணச் சான்றிதழ் கேட்பார்கள். ஜமாஅத் நிக்காஹ் புத்தகத்தின் நகல் மட்டும் போதாது. தமிழ்நாட்டின் 2009ஆம் ஆண்டுத் திருமணப் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளரிடம் பதிந்த சான்றிதழ் வேண்டும். அதற்கு நம் அரசின் அத்தாட்சியும் அமீரகத் தூதரகத்தின் அத்தாட்சியும் வாங்க வேண்டும். பெண்ணின் பெயர் பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, சான்றிதழில் ஒரு மாதிரி இருந்தால் அங்கேயே நிற்கும். பேகம், பீவி, நாச்சியா இதிலெல்லாம்தான் இடறும். அங்கே செக் கொடுத்த பிறகு இங்கே இதற்கு அலைந்தால், ஆளில்லாத வீட்டுக்கு வாடகை ஓடிக்கொண்டிருக்கும். முதலில் காகிதம், பிறகு வீடு.

நகையை வட்டிக்கு வைத்து அந்த 12,690ஐப் புரட்ட வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் குழு எதற்கு இருக்கிறது? ஆனால் குழுவிலும் நான் சொன்னேன், இனி வெளிநாட்டு வீட்டு முன்பணத்துக்குக் கடன் கேட்டால் தவ்ஸீக் வரைவைப் பார்க்காமல் கொடுக்கக் கூடாது என்று. கடுமையாக இருக்கிறது என்று இருவர் சொன்னார்கள். பள்ளிவாசலில் ஈரத்துண்டோடு உட்கார்ந்திருந்த பிள்ளையை அவர்கள் பார்த்ததில்லை.

அந்தச் சகோதரியின் மனு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மாப்பிள்ளை முதலில் என்மேல் கோபப்பட்டார். "மாமாவுக்கு இப்ப உள்ள நிலவரம் தெரியாது" என்றாராம். அந்த வில்லாக்காரரிடம் தவ்ஸீக் கேட்டிருக்கிறார். அவர் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். மனு அப்படியே நிலுவையில் இருந்தது. ஆறு வாரம் தேடி, இப்போது ஜிமியில் ஒரு பழைய ஸ்டுடியோ பிளாட் பார்த்திருக்கிறார். 22,000, நான்கு செக், கம்பெனி பாதி உதவுகிறது. முதலில் சொன்ன வீட்டைவிட ஆண்டுக்கு நாலாயிரம் கூடுதல், கரண்ட் வேறு தனி. போன வியாழக்கிழமை அந்தப் பிள்ளை ஒப்பந்த வரைவைப் போனில் கொண்டுவந்து காட்டியது. மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு அதுவே ஒவ்வொரு வரியாகப் பார்த்திருக்கிறது. பெயர், தேதி, தொகை எல்லாம் சரி. "மாமா, அவங்க அனுப்பின கதவு போட்டோல 204ன்னு இருக்கு, பேப்பர்ல 202ன்னு போட்டிருக்கு, இது பரவாயில்லையா?" என்று கேட்டது.

பரவாயில்லை இல்லை. எண்ணைத் திருத்திய பிறகுதான் முதல் செக் என்று மாப்பிள்ளையிடம் சொல்லச் சொன்னேன். திருத்திய நகல் வந்ததும் குழு தொகையை அனுப்பும், இன்ஷா அல்லாஹ்.

அல் ஐனிலோ பக்கத்திலோ வீடு பார்க்கும் பிள்ளைகள் இருந்தால், ஒப்பந்த வரைவை எடுத்துக்கொண்டு வாருங்கள். அஸருக்குப் பிறகு நான் அலுவலகத்தில்தான் இருப்பேன். கண்ணாடியும் கால்குலேட்டரும் வைத்திருக்கிறேன்.

வஸ்ஸலாம்.